கிருஷ்ணகிரியில் வாடகை வீடு தேடுகிறீர்களா? 16,500 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன்

இதை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 400 ரூபாய். ஃபேன் சுற்றுகிறதா ஊர்கிறதா என்று தெரியவில்லை. நாலு நாளைக்கு முன்னால் எனக்கு இந்த ஊரில் ஒரு வீடு இருந்தது. போட்டோவில் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலை 16,500 ரூபாய். இன்னும் யாராவது அதே கேட்டுக்கு முன்னால் பெட்டியோடு போய் நிற்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். வீடு தேடும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில்லிங் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் தொடங்கிய இருமல் தை வரைக்கும் நிற்கவில்லை. சளியைச் சோதித்ததில் டிபி என்று வந்தது. 57 கிலோ இருந்தவன் 43க்கு இறங்கிவிட்டேன். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு மாத மருந்து முடிந்து மறுபடி சளி எடுத்துப் பார்த்தபோது கிருமி இல்லை. இன்னும் நாலு மாதம் ஒருநாள் கூட விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், பளு தூக்காத வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் கம்பெனியில் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான்.

பழைய சூப்பர்வைசர் ஒருவர் இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் இருக்கிறார். "பெங்களூரா மாம்பழ வரத்து ஆரம்பிக்கப் போகுது, லோடு கணக்கு எழுத ஆள் வேணும், 13,000 தருவாங்க, வந்துடு" என்றார். மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் முதலில் வருவது என்று முடிவு செய்தோம். கையில் இருந்தது 23,000. பாதிக்கு மேல் அவள் தோட்டை அடகு வைத்து வந்தது. டிபி நோயாளிகளின் சாப்பாட்டுக்கு அரசாங்கம் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் தருகிறது இல்லையா, அதில் வந்த 3,000 ரூபாயையும் தொடாமல் வைத்திருந்தேன்.

எனக்கு வேண்டிய வீடு பெரிதாக ஒன்றுமில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அதனால் கீழ் வீடு. காற்றும் வெயிலும் வருகிற ஜன்னல். தனி பாத்ரூம். அது ஏன் என்று இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் போகும். நாலு பேர் பொதுவாகப் புழங்கும் இடத்தில் ஒருநாள் யாராவது பார்த்துக் கேட்டால் அன்றைக்கே பையைத் தூக்கி வாசலில் வைத்துவிடுவார்கள்.

வீட்டு விளம்பரம் போடும் ஆப் ஒன்றில் தேடினேன். பெயர் வேண்டாம், எல்லோர் போனிலும் இருப்பதுதான். முதலில் பேசியவர், "வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்குதுங்க" என்று வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அடுத்து ஒரு அம்மா, யோசித்துச் சொல்கிறேன் என்றார், அப்புறம் எடுக்கவே இல்லை. "நோயைச் சொல்லாம போய்ச் சேரு மாமா, கிருமிதான் போயிடுச்சே" என்றான் என் மச்சான். எனக்கு மறைத்துப் பேச வரவில்லை.

மூன்றாவதுதான் இந்த விளம்பரம். ராயக்கோட்டை ரோடு பக்கம், நீலக் கேட், சிவப்புத் தரை, வாசலில் ஒரு முருங்கை மரம். வாடகை 4,000, மூன்று மாத அட்வான்ஸ். படத்துக்குக் கீழே பச்சை டிக் போட்டு 'சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது.

கூப்பிட்டேன். எடுத்தவுடன் அவன் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு எந்த மாதிரி வீடுண்ணா வேணும்?" என்று கேட்டான். இந்த ஒரு கேள்வியில்தான் நான் விழுந்தேன், இப்போது புரிகிறது. கீழ் வீடா என்றேன், கீழ் வீடுதான் என்றான். வெயில் வருமா என்றேன், கிழக்கு பார்த்த ஜன்னல், காலையில் பத்து மணி வரைக்கும் வெயில் என்றான். தனி பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட். தண்ணீர் ஒகேனக்கல் தண்ணீர். நான் கேட்டது எல்லாம் அந்த வீட்டில் இருந்தது. நான் சொன்னதையே எடுத்து எனக்கு விற்றிருக்கிறான்.

சரி, இதையும் சொல்லிவிடுவோம் என்று டிபி பற்றிச் சொன்னேன். இரண்டு விநாடி சத்தம் இல்லை. வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். "டிபிதானேண்ணா, எங்கம்மாவுக்கும் வந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை, முடிஞ்சா ஒண்ணுமில்ல. தினம் ரெண்டு முட்டை தவறாம சாப்பிடுங்க" என்றான்.

நோய் வந்த நாளிலிருந்து என் மனைவியையும் திருப்பூரில் மாத்திரை கொடுக்கும் நர்சம்மாவையும் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். பணம் போனதை விட இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. இல்லை, பணத்துக்கும்தான்.

வெள்ளிக்கிழமை டோக்கன் 2,000 அனுப்பினேன். யுபிஐயில் வந்த பெயர் அவன் சொன்ன பெயர் இல்லை. கேட்டேன். "அது எங்க மாமா அக்கவுண்ட்ணா, என்னோடது லிமிட் தாண்டிடுச்சு" என்றான். சனிக்கிழமை காலையிலேயே போன். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் சாயந்திரம் அட்வான்ஸோடு வருகிறார்களாம். "உடம்பு முடியாதவர் நீங்க, உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." 12,000 அனுப்பினேன். வீட்டை நேரில் பார்க்காமல் அனுப்புகிறோமே என்று ஒரு உறுத்தல் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு வீட்டைப் பார்ப்பதற்காகத் திருப்பூரிலிருந்து போய்த் திரும்ப உடம்பிலும் தெம்பு இல்லை, பஸ்ஸுக்கும் காசு பார்த்தேன். ஞாயிறு ராத்திரி பஸ் ஏறும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். கரண்ட் மீட்டருக்கு டெபாசிட் 2,500, வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றான். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என்றான். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அதையும் அனுப்பினேன். ஆக 16,500.

தொப்பூர் கணவாய் தாண்டும் வரை தூங்கவில்லை. வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். விடிகாலையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், அந்த நீலக் கேட் அப்படியே இருக்கிறது. முருங்கை மரமும் இருக்கிறது. எவ்வளவு சந்தோஷம் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டில் யாரும் இன்னும் எழவில்லை, அதனால் கேட்டைத் தட்டினேன். கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஒரு பாட்டி வந்தார்.

"வாடகைக்கா வந்த? நாங்க குடியிருக்கிற வீடு இது தம்பி. நீ மூணாவது ஆளு. போன வாரம் ஒரு பொண்ணு பெட்டியோட வந்து நின்னு அழுதுட்டுப் போச்சு" என்றார்.

கால் நிற்கவில்லை. அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மூன்று மாத்திரை ஞாபகம் வந்தது, பாட்டியிடம் தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொண்டேன். என்ன மாத்திரை என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார், சரி, அவ்வளவுதான் என்று பையை எடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிடணுமா, அது வரைக்கும் இரு என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். அப்புறம் ராகிக் கூழ் கரைத்துக் கொடுத்தார். இந்த ஊரில் எனக்கு முதலில் கிடைத்த சாப்பாடு அது. அதை மட்டும் திட்டாமல் எழுதுகிறேன்.

திண்ணையிலிருந்தே அவனுக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். ஆப்பின் கஸ்டமர் கேர் முதலில் மெஷின்தான். 'விளம்பரம் போட', 'பணம் கட்ட', 'கணக்கை மாற்ற' என்று மூன்று வழி காட்டியது. ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் பேசினார்.

"சார், நாங்க ஒரு தளம் மட்டும்தான் சார். பணம் எங்க ஆப்புக்கு வெளியில போயிருக்கு, அதுக்கு நாங்க பொறுப்பில்ல சார்."

"அப்ப அந்தப் பச்சை டிக் எதுக்கும்மா?"

"அது மொபைல் நம்பரைச் சரிபார்த்ததுக்கு சார்."

நன்றாகப் படியுங்கள். வீட்டைச் சரிபார்த்ததற்கு இல்லை, சொந்தக்காரரைச் சரிபார்த்ததற்கும் இல்லை. அந்த போனுக்கு ஒரு ஓடிபி போய்ச் சேர்ந்ததற்குத்தான் டிக். 24 மணி நேரத்தில் எங்கள் குழு கூப்பிடும் என்றார்கள். இன்று வியாழக்கிழமை, யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு மெசேஜ் மட்டும் இரண்டு தடவை வந்தது.

வங்கியில், "பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க?" என்பதோடு முடிந்தது. ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். "பணத்தை எங்கிருந்து அனுப்பினீங்க? திருப்பூரா? அப்ப அங்க போய்க் குடுங்க." எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று புதுச் சட்டத்திலேயே இருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியாது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். "1930க்கு அடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டது வெளியே டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையன். ஆன்லைன் பண மோசடிக்குப் புகார் சொல்லும் அரசு போன் எண் அது. செவ்வாய் மதியம்தான் அடித்தேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்கள், ஒரு எண் கொடுத்தார்கள். பணம் போன உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் நிறுத்த முயன்றிருக்கலாம், இப்போது வேறு கணக்குக்குப் போயிருக்கும் என்றார்கள். நான் அந்த நேரத்தையெல்லாம் ஆப்காரன் வாசித்த பாட்டைக் கேட்டுக்கொண்டே தொலைத்திருக்கிறேன்.

செவ்வாய் ராத்திரி வேறு நம்பரிலிருந்து அவனே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். புகார் போனது தெரிந்திருக்கும். "உனக்கு இருக்கிற வியாதிக்கு எவன்டா வீடு குடுப்பான், இருமிக்கிட்டே கிட." அதே குரல்தான். முட்டை சாப்பிடச் சொன்ன அதே குரல். அழிக்காமல் வைத்திருக்கிறேன், புகாரோடு சேர்ப்பேன்.

நேற்று இங்கே அரசு மருத்துவமனைக்குப் போனேன். திருப்பூரில் பதிந்த நிக்ஷய் எண்ணை, அதாவது டிபி நோயாளிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணை, சொன்னதும் மருந்தை இங்கேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், அதில் ஒரு சிரமமும் இல்லை. எடை பார்த்தார்கள். 48 இருந்தது 47 ஆகிவிட்டது. ஒரு கிலோ ஏற்ற எனக்கு மூன்று வாரம் ஆகிறது. 16,500 ரூபாயில் எத்தனை முட்டை, எத்தனை லிட்டர் பால் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. கணக்கு எழுதும் வேலைக்கு வந்தவன் வேறு எதைப் போடுவேன். மனைவியிடம் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை, 2,000 என்று சொல்லியிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். முடியவில்லை, சார்ஜும் குறைகிறது, மணி பத்தரை ஆகிறது. நேரில் போய்ப் பூட்டைத் திறந்து பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், டோக்கன் கூட. அந்த வீட்டுக் கரண்ட் கார்டைக் கேளுங்கள், பெயரைப் பாருங்கள். பணம் வாங்கும் கணக்கில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மாமாவும் இல்லை மச்சானும் இல்லை. பச்சை டிக்கை நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் முதலில் 1930, மற்றதெல்லாம் பிறகு. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், வீட்டில் என்ன இருக்கிறது என்று அவனைச் சொல்ல விடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த அலைச்சலில் ஒரு வேளை கூட விட்டுவிடாதீர்கள்.

விளம்பரம் இன்னும் ஆப்பில்தான் இருக்கிறது. வாடகையை 3,800 ஆக்கியிருக்கிறான்.

சூப்பர்வைசர் கம்பெனி ஷெட்டில் படுத்துக்கொள்ளச் சொல்கிறார், அங்கே பழம் வேகும் ஆவியில் எனக்கு மூச்சு முட்டும். பழையபேட்டை பக்கமோ காவேரிப்பட்டணத்திலோ கீழ் வீடு, ஒரே அறையானாலும் சரி, 3,000 ரூபாய்க்குள் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு என்ன நோய் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதைப் படித்தவர்கள் சொன்னால் போதும். நான் வந்து பார்த்த பிறகுதான் பணம் பற்றிப் பேசுவேன்.