கணித மேதை ராமானுஜன் வீடு: கும்பகோணத்தில் கேட்டுப் போவது எப்படி

கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் "ராமானுஜன் வீடு" என்றதும் ஆட்டோக்காரர், "தெரியும் சார், ஏறுங்க" என்றார். அம்மாவுக்கு வெயில் ஆகாது என்பதால் கேட்ட 150 ரூபாய்க்குப் பேரம்கூடப் பேசவில்லை. கொண்டுபோய் நிறுத்தியது ராமானுஜன் பெயரில் உள்ள கல்லூரி வாசலில். வீடு கேட்டோமே என்றால், "இதுவும் ராமானுஜன்தானே சார்!"

கல்லூரி வாட்ச்மேன் வெளியே வந்து, சாரங்கபாணி சன்னதித் தெரு என்று பொறுமையாக வழி சொன்னார். உடனே ஆட்டோக்காரர் எங்கள் மேல் பாய்ந்தார். கோயில் என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னொரு நூறு கேட்டார். வாக்குவாதம் முற்றி, அம்மா நடுவில் புகுந்து கொடுக்கச் சொன்ன பிறகுதான் வண்டி திரும்பியது. லண்டனில் நூறு ரூபாய்க்கு ஒரு டீகூடக் கிடைக்காது, பணம் பெரிதில்லை. ராமானுஜன் வளர்ந்த ஊரிலேயே அவர் வீட்டுக்கு வழி தெரியாமல் ஓர் ஆட்டோ ஓடுகிறதே என்றுதான் ஆத்திரம்.

அப்புறம் அந்த வீடு. 1887-ல், விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டில் பிறந்தவர் ராமானுஜன். அதே ராணி அரியணை ஏறிய 1837-ல் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் குடியேறிய வீட்டை லண்டன் டவுட்டி தெருவில் பார்த்திருக்கிறேன். பல மாடி, பத்துப் பவுண்டுக்கு மேல் டிக்கெட். இங்கே திண்ணை, ஓட்டுக் கூரை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில், பின்னால் அடுக்களை. வாசலில் இருந்தவர், "செருப்பை விட்டுட்டு உள்ள வாங்கம்மா" என்று அம்மாவைக் கூப்பிட்ட விதம், விருந்தாளியைக் கூப்பிடுவது போலவே இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

ராமானுஜனின் அப்பா துணிக்கடையில் கணக்கெழுதியவர், சம்பளம் மாதம் 20 ரூபாய்தான். அதனால் இத்தனை சின்ன வீட்டிலேயே கல்லூரி மாணவர்களையும் தங்கவைத்திருந்தார்கள். சிறுவன் ராமானுஜன் அவர்களிடமே கணக்குக் கற்று அவர்களையே மிஞ்சினான். கணக்கில் மூழ்கியிருக்கும்போது சோற்றை உருட்டிக் கையில் வைக்கச் சொல்வாராம். இதைக் கேட்டதும் என் அம்மா அடுக்களையை விட்டு நகரவே இல்லை.

2003-ல் சாஸ்திரா பல்கலைக்கழகம் இந்த வீட்டை வாங்கிச் செப்பனிட்டது. அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். பளிங்கு போட்டுப் பாழாக்காமல், ஏழை வீட்டை ஏழை வீடாகவே விட்டுவைத்தார்களே, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். இங்கிலாந்தில் பெரிய மனிதர் வீடுகள் பலவற்றில் பட்டுத் திரைகளையும் பீங்கான்களையும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். இங்கே அந்தக் கட்டிலையும் ஜன்னலையும் விட்டு வர மனசில்லை.

போகிறவர்கள் ஆட்டோவில் ராமானுஜன் என்று சொல்லாதீர்கள். சாரங்கபாணி கோயில் சன்னதித் தெரு என்று சொல்லி, கோபுரம் தெரிந்ததும் இறங்கி, அங்கிருந்து கேட்டுக்கொண்டே நடந்து போங்கள்.