குளிர்நீருக்கு வேடர்ஸும் கம்பளிக் காலுறையும்

வேடர்ஸ் என்பது தண்ணீருக்குள் நின்று மீன் பிடிக்கப் போடும், பாதம் முதல் மேலே வரை வரும் நீர்புகா உடை. அதில் 5 மி.மீ. தடிமன் நியோப்ரீன் (நுரை ரப்பர்) வகை அசையாமல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆற்றோடு நடந்துகொண்டே மீன் தேடும் என்னைப் போன்ற ஆளுக்கு உள்ளே வியர்த்துக் கொட்டிவிடும். நின்றதும் அந்த ஈரமே குளிராகக் கடிக்கும். அதனால் காற்றுப்போக்குள்ள துணி வேடர்ஸையே எடுத்தேன். அது தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். சூட்டுக்கு உள்ளே நாம்தான் உடுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால் காசைக் காலுறையில் போடுங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. மெல்லிய மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) காலுறை ஒன்று, மேலே தடித்த கம்பளி ஒன்று. இரண்டையும் மாட்டிக்கொண்டு, வேடர்ஸோடு பூட்ஸுக்குள் காலை விட்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லையா? ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும், எத்தனை கம்பளி போட்டாலும் சரி. பெரும்பாலும் பூட்ஸ் ஒரு அளவு கூடுதலாகத் தேவைப்படும்.

என்னுடைய வேடர்ஸில் முதலில் கசிந்தது கவட்டுத் தையல். கடையிலேயே குந்தி எழுந்து பாருங்கள்; கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம் இடுப்பு வார்: இறுக்கிக் கட்டாமல் இறங்காதீர்கள். விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுவதை மட்டுப்படுத்துவது அதுதான்.