புது வண்டி ரன்னிங்-இன்: நாற்பதிலேயே ஓட்டுவதா, முறுக்கி ஓட்டுவதா?

சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் புது மோட்டார் சைக்கிள் எடுக்கும் ஒருவர், ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜினைப் பழக்கும் முதல் ஆயிரம் கிலோமீட்டரை எப்படி ஓட்டுவது என்று விசாரித்தால், காவிரி டெல்டாவில் அவருக்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். ஊர்ப் பெரியவர்கள் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது என்பார்கள். பந்தய ஓட்டத்தில் நாட்டமுள்ள இளைஞர்கள், முதல் நாளே ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கினால்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் (வளையம்) சிலிண்டரோடு பொருந்தி செட் ஆகும் என்பார்கள். வண்டியோடு வரும் கையேடோ ஒரு வேக வரம்பைக் குறிப்பிட்டு, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லும். வரம்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எச்சரிக்கையைப் படித்தவர்கள் குறைவு.

புது சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கு மறுக்காக நுண்ணிய கீறல்களைத் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று போட்டிருப்பார்கள். அக்கீறல்களின் முகடுகள் பிஸ்டன் ரிங்கோடு உரசிச் சற்றே தேய்ந்து, இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பள்ளங்களில் ஆயில் தங்க வேண்டும். ரிங்குக்கு இயல்பாக உள்ள விறைப்பு குறைவானது. எரியும் வாயு அதன் பின்புறம் புகுந்து தள்ளும்போதுதான் அது சுவரோடு இறுக்கமாக ஒட்டுகிறது. எப்போதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகவே திறந்து ஓட்டினால் இந்த அழுத்தம் போதாமல், முகடுகள் தேய்வதற்கு முன்பே சுவரில் பளபளப்பான படலம் உருவாகிவிடக்கூடும்; அதன் பிறகு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும்.

இதனால் முறுக்கச் சொல்பவர்களின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இன்ஜினில் பொருந்த வேண்டியது ரிங் மட்டுமில்லை; பேரிங், கியர்ப் பற்கள், கேம், கிளட்ச் பிளேட் ஆகியவையும் சூடேறி ஆறிப் படிப்படியாகப் பழக வேண்டியவை. பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்து மாற்றிக்கொள்வார்கள். வயலுக்கும் சந்தைக்கும் பத்தாண்டு உழைக்க வேண்டிய வண்டிக்கு அந்த வசதி கிடையாது. புது டயரின் மேற்பரப்பும் பிரேக் பேடும் இன்னும் பிடிப்புக்கு வராத நிலையில், ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் வயலுமான கரைச் சாலையில் முழு வேகம் எடுப்பது இன்ஜினுக்கு முன் ஓட்டுபவருக்கே ஆபத்து.

நாற்பது விதியை நான் மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு காலம் இருந்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டில், சூட்டில் இரும்பைவிட அதிகமாக விரியும் அலுமினிய பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்மையானது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலும் பிஸ்டன் சீஸ் ஆவது, அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடுவது, அனைவரும் அறிந்த பயம். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களின் கடைசல் துல்லியத்தில் அந்த அபாயம் வெகுவாகக் குறைந்துவிட்டது, விதி மட்டும் அப்படியே நிற்கிறது. அதைவிடக் கெடுதல், அந்த நாற்பதையும் டாப் கியரில் வைத்து, பின்னால் ஆளும் மடியில் மூட்டையுமாக இன்ஜினைத் திணற விடும் பழக்கம். மூன்று வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பது என் கணிப்பு.

டெல்டா மண் சமதளம். இன்ஜினுக்கு ஏற்றம் இறக்கமாகச் சுமை மாறித் தர ஒரு மலைப்பாதையும் இங்கு இல்லை. எனவே அந்த மாற்றத்தை ஓட்டுபவரே உண்டாக்க வேண்டும். தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நான்குவழிச் சாலை வசதியானதுதான், ஆனால் ரன்னிங்-இன்னுக்கு அது ஏற்றதில்லை. ஒரே கியரில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டத் தூண்டும். கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை செல்லும் பழைய சாலையில் ஊருக்கு ஊர் வேகம் குறைந்து கூடுவதால், எரிச்சலூட்டும் அதே நெரிசல் புது இன்ஜினுக்கு நல்லதாகிவிடுகிறது. சாலையில் நெல் காயும் பருவத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடி நெடுந்தூரம் ஊர்வதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஆகவே கையேட்டின் வரம்பை ஏற்றுக்கொண்டு, அதற்குள் முறுக்குத் தரப்பின் காரணத்தைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். இன்ஜின் சூடான பிறகு, இரண்டாம், மூன்றாம் கியரில் தயங்காமல் வேகமெடுத்து, வரம்பை எட்டும் முன் ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்ச் பிடிக்காமல் தானாக வேகம் குறைய விட வேண்டும். பிறகு மீண்டும் அதுபோலவே. காலையில் ஸ்டாண்டில் நிறுத்தி நெடுநேரம் ஓட விடுவதால் பயனில்லை. மெதுவாக ஓட்டிச் சூடேற்றுவதே மேல்.

ஆயில் விஷயத்தில் சர்ச்சை சிறியது. தேய்ந்த உலோகத் துகள்கள் பெரும்பாலும் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே சேர்வதால், முதல் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கும் முன்பே ஒருமுறை மாற்றினால் கெடுதல் இல்லை, செலவு மட்டுமே. ஆனால் அதைக் காட்டி, குறித்த கிலோமீட்டரில் செய்ய வேண்டிய சர்வீஸை விட்டுவிட்டால் வாரண்டி கேள்விக்குள்ளாகும். ஊற்றுவது கையேடு சொல்லும் கிரேடாகவும், மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடான ஜாஸோ எம்ஏ (JASO MA) உள்ளதாகவும் இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் ஆயிலில் நனைந்து இயங்கும் கிளட்ச் வழுக்கத் தொடங்கக்கூடும்.