315 ரைஃபிளா, ரெட்டைக்குழலா?

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு வெள்ளைக்காரர் காலத்து 303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தது. அப்போதிருந்து கோபிப் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "அந்தப் பழசெல்லாம் ஏலத்துக்கு வருமுங்களா?" நமக்கு வராது. 303 தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது.

அதன் உடன்பிறப்புதான் 315. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 303க்கு உள்ள அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்தது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்று தோட்டாவை மட்டும் வேறாக வைத்தார்கள். பட்டாளத்துத் துப்பாக்கி மேல் ஆசை உள்ளவருக்கு இதுதான் வழி. எதிரே நிற்பது, சின்னச் சின்ன சன்னங்களைச் சிதறவிடும் 12 போர் அளவு ரெட்டைக்குழல் துப்பாக்கி.

பழைய 315 வாங்கும்போது, தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றிக் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்குப் பள்ளங்கள் வாய் வரைக்கும் கூர்மையாகத் தெரிய வேண்டும். கருப்புப் புள்ளிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது, விட்டுவிடுங்கள். ரெட்டைக்குழலுக்குச் சோதனை வேறு. குழல்களைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு விரலால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி ஒலித்தால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் இரண்டையும் சேர்த்த ஈயப்பற்று விட்டிருக்கலாம். மூடியபின் கீல் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

பராமரிப்பில் ரைஃபிள்தான் கூடுதல் கவனம் கேட்கும். எங்கள் அப்பாரு தன் 315க்குத் தேங்காயெண்ணெய்தான் போட்டார். மார்கழி விடிகாலையில் எண்ணெய் உறைந்து போல்ட் இழுக்க வரவில்லை. நான் துடைத்தபோது உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. துப்பாக்கி எண்ணெய்தான் வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. தோலுறையில் வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அப்போது மட்டும் எண்ணெய் தாராளமாகப் பூசிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குழலுக்குள் துணி விட்டுத் துடையுங்கள்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், காவலுக்கு என்றால் நான் ரெட்டைக்குழலைத்தான் சொல்வேன். 315 குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். நம்ம ஊரில் தென்னந்தோப்புக்கு அடுத்தே வீடு, அதற்கடுத்து ரோடு. ரெட்டைக்குழலின் சின்ன சன்னங்களோ சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். எதை வைத்திருந்தாலும் அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. ஒற்றைக்குழலை ஒப்படைத்தேன். அப்பாருடைய 315ஐ விட மனசு வரவில்லை. ஆனால் சாளைக்கு எடுத்துப் போவது ரெட்டைக்குழலைத்தான்.