மெயில்-டெஸ்டர் (நம்ம மெயில் ஒழுங்கா போய்ச் சேருமானு சோதிச்சு சொல்ற வெப்சைட்): சொந்த மெயில் சர்வர் வச்சிருந்தா கண்டிப்பா பாருங்க
ரெண்டு நாளா ஜிமெயிலுக்கு அனுப்புற மெயில் எல்லாம் 550 5.7.25ங்கிற எரர் கோடோட திரும்பி வந்துட்டே இருந்துச்சு, நானும் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் சாஃப்ட்வேர்) செட்டிங், மெயில் நம்ம டொமைன்ல இருந்துதான் வருதுனு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம்னு எல்லாத்தையும் மாத்தி மாத்தி பாத்து ஓஞ்சுட்டேன். அப்புறம் மெயில்-டெஸ்டர் தர்ற அட்ரஸுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். 10க்கு எவ்ளோனு மார்க் போட்டு, எங்க குறையுதுனும் காட்டிடுச்சு. ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது ஐபி அட்ரஸை வச்சு சர்வர் பேரைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடுதான் இல்ல! அந்த 5.7.25க்கு அர்த்தமே அதுதான். அதுக்கான பிடிஆர் ரெக்கார்டை நம்ம டொமைன் செட்டிங் பக்கம் போடமுடியாது, ஐபி குடுத்த ஹோஸ்டிங்காரங்ககிட்டதான் மாத்தணும், மாத்துனதும் மெயில் போக ஆரம்பிச்சுது.

ஒண்ணு மட்டும், 10க்கு 10 வந்தாலும் இன்பாக்ஸ்ல விழும்னு உறுதி இல்ல, எதுக்கும் சர்வர்ல இருக்குற மெயில் லாகையும் (அனுப்புன மெயில் என்னாச்சுங்கிற பதிவு) சேத்து பாருங்க. இலவசமாவே இவ்ளோ தெளிவா சொல்றது பெரிய விஷயம்ங்க.