“கையால் பின்னினது அப்படித்தான்” என்று சொன்னால் நம்பாதீர்கள்: கம்பளிச் சொக்ஸ் வாங்கி ஏமாந்த கதை

நோர்வேயில் இருக்கிற எங்கள் சனத்துக்காக இதை எழுதுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது. போனைத் திறந்தால் நரைத்த தலையோடு ஒரு அம்மா சாய்கதிரையில் இருந்து பின்னுகிற படமும், “பாட்டியின் கையால் பின்னிய தூய கம்பளிச் சொக்ஸ், கடை மூடுகிறோம், இன்றைக்கு மட்டும் பாதி விலை” என்ற விளம்பரமும் திரும்பவும் வரத் தொடங்கியிருக்கின்றன. போன வருடம் நவம்பரில் அதை நம்பி நான்கு சோடி எடுத்தேன். சோடி 450 குரோனர், நான்குக்கும் 1,800. தைப்பொங்கலுக்கு முன்னமே மூன்று சோடி ஓட்டை.

காசு போனதை விட, அந்தக் கடைக்காரர் எழுதிய பதில்தான் என்னை நோகடித்தது. “இது கையால் பின்னியது, இயற்கையானது, அதனால் மென்மையானது. கைப்பின்னல் சொக்ஸ் அதிகம் நடப்பதற்கானது அல்ல.” இதை வாசித்துவிட்டு “சரி, அப்படித்தானாக்கும்” என்று எத்தனை பேர் பேசாமல் இருந்திருப்பார்கள்? அது பொய். எப்படித் தெரியும் என்றால், கையால் பின்னிய சொக்ஸ் எவ்வளவு காலம் இருக்கும் என்று என் காலாலேயே அறிந்தவள் நான்.

1994 இல் நோர்வேயின் வடகோடியில் இருக்கிற போட்ஸ்ஃபியோர்டுக்கு வந்தேன். இவர் அதற்கு மூன்று வருடம் முன்னமே வந்து மீன் தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் ஃபின்மார்க் கரையோர மீன்பிடி ஊர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் முகம் காட்டும். தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற சீமெந்துத் தரை, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, அதற்குள் நான் கொழும்பில் வாங்கிக்கொண்டு வந்த பருத்திச் சொக்ஸ், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. பருத்தி ஈரத்தை உறிஞ்சி அப்படியே குளிர்ந்து கிடக்கும். வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றினால் விரல்கள் என்னுடையவை போலவே இருக்காது.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தட்டில் ஒரு மீனவரின் மனைவி இருந்தார், கணவர் காலமாகிவிட்டவர். ஒரு நாள் படியில் இருந்து நான் காலைத் தேய்ப்பதைக் கண்டார். இரண்டு கிழமை கழித்து இரண்டு சோடி கொண்டுவந்து தந்தார், இவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சாம்பல் நிறம், மேல் விளிம்பில் இரண்டு சிவப்புக் கோடு. “ரக்கசொக்கர்” என்றார், தடித்த கம்பளிச் சொக்ஸ்சுக்கு இங்கே அதுதான் பெயர். எனக்கு மொழி தெரியாது. குதிப் பக்கத்தைத் தன் பெருவிரலால் அழுத்திக் காட்டினார், விரல் உள்ளே போகவில்லை. அதுதான் அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். எனக்கு அது விளங்க முப்பது வருடம் பிடித்தது.

கரடுமுரடான சொக்ஸ்தான், முதல் கிழமை காலைக் கடித்தது. ஆனால் 2001 இல் ஒஸ்லோவுக்கு மாறும் வரை, தொழிற்சாலையில் கிழமைக்கு நான்கு ஐந்து நாள் அதைப் போட்டேன். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தனக்குள் எடுத்தாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. சப்பாத்துக்குள் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஈரத் தரையில் எட்டு மணித்தியாலம் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கிழியவே இல்லை என்று சொல்லவரவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் என்னுடையதில் வலது குதி மெலிந்தது. ஓட்டை விழவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் வலை போலத் தெரிந்தது. அந்த அம்மாதான் காளான் வடிவ மரக்கட்டை ஒன்றை உள்ளே விட்டு இழையோட்டக் காட்டித் தந்தார். ஓட்டை விழும் வரை காத்திருக்கக் கூடாது, மெலிந்த உடனேயே நெடுக்கும் குறுக்குமாக நூல் ஓட்டவேண்டும் என்றார். இவருடையதில் வலது குதி மூன்று தடவை, இடது ஒரு தடவை. 2009 இல் முன்பாதத்தைப் பிரித்து, கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றி, வேறு நூலில் விரல் வரை புதிதாகப் பின்னினேன். கையால் பின்னிய சொக்ஸ்சின் அருமையே அதுதான். தேய்கிற இடம் குதி, பெருவிரல் நுனி, பாதத்தின் முன்மேடு என்று இரண்டு மூன்று இடம்தான். அதைப் பிரித்துக் கட்டலாம். மற்ற முக்கால்வாசியும் அப்படியே நல்லாய் இருக்கும்.

இப்போது வாங்கின சொக்ஸ்சுக்கு வருகிறேன்.

ஒரு கிழமையில் வரும் என்றார்கள், மூன்று கிழமை ஆனது. பார்சலில் இருந்த அனுப்புநர் முகவரி நோர்வேயில் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் பையைப் பிரித்துத் தொட்டவுடன் மகளும் நானும் மயங்கிவிட்டோம். பூனைக்குட்டி மாதிரி அவ்வளவு மெது. “அம்மா, அந்தப் பழைய சாம்பல் சொக்ஸ்சை இனி எறியுங்கோ” என்றாள் மகள். நல்லவேளை, எறியவில்லை.

நான்காம் நாளே உள்ளங்காலில் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டது. இரண்டாம் கிழமை மேல்பக்கம் தளர்ந்து கணுக்காலில் வந்து விழுந்தது. பத்தொன்பதாம் நாள் இவருடைய வலது குதி போய்விட்டது. இவர் பஸ் ஓட்டுகிறவர். மிதியில் கால் வைத்து வைத்து எடுக்கும்போது வலது குதி சப்பாத்தோடு உரசிக்கொண்டே இருக்கும், அதனால் எந்தச் சொக்ஸ்சிலும் அங்கேதான் முதலில் தேயும். ஆனால் பத்தொன்பது நாளிலா? என்னுடையது ஆறாவது கிழமை பெருவிரலில் கிழிந்தது. மகனுடையது அதற்கும் முன்னமே. மகளுடையது மட்டும் தப்பியது, அவள் கட்டிலில் மட்டும்தான் போட்டாள்.

படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதிலை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது பதில், நான் பிழையாகத் தோய்த்துவிட்டேன் என்று. 30 பாகையில், கம்பளிக்கான திரவத்தில், கம்பளி ஓட்டத்தில்தான் போட்டேன். சாதாரண சவர்க்காரத் தூளில் இருக்கும் நொதியங்கள் கம்பளியை அரிக்கும் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிழையாகத் தோய்த்தால் கம்பளி சுருங்கி இறுகி அட்டை போலத் தடிக்கும், இப்படித் தொளதொளத்துக் கிழியாது. அதை எழுதினேன். மூன்றாவதாக, 20 வீதம் திருப்பித் தருகிறோம், பொருளை நீங்களே வைத்திருங்கள் என்றார்கள். மறுத்தேன். அப்படியானால் உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு வெளிநாட்டு முகவரி வந்தது, தபால் செலவே சொக்ஸ் விலையைத் தாண்டும். அதற்குப் பிறகு எழுதிய எதற்கும் பதில் இல்லை.

மனம் ஆறவில்லை. வேலையிடத்தில் பின்னல் தெரிந்த ஒரு நோர்வேஜியப் பெண்ணிடம் கிழிந்த சோடியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, தன் பெருவிரலைக் குதியில் அழுத்தியது. விரல் மறுபக்கம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போட்ஸ்ஃபியோர்ட் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

பிறகு உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். விரல் நுனியில் மெஷின் தையல், ஓரத்தில் வெட்டிய நூல் நுனிகள். ஊசியில் வட்டமாகப் பின்னிய சொக்ஸ்சில் வெட்டித் தைத்த விளிம்பு இருக்காது, நூல் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் உள்ளே ஒளித்துச் செருகியிருக்கும். ஒரு நூலைப் பிரித்தார். முறுக்கே இல்லாத ஒற்றைப் புரி. இரு விரலால் மெல்ல இழுக்கப் பஞ்சு போலப் பிரிந்து வந்துவிட்டது. மெதுமையாக இருந்ததன் காரணம் அதுதான். இழைகளை ஒன்றோடொன்று கட்டிப் பிடிப்பது முறுக்கு. அது இல்லாத நூல் கழுத்துச் சால்வைக்குச் சரி, குதிக்கு ஆகாது. கண்ணிகளை எண்ணினோம், பத்து சென்ரிமீற்றருக்கு பதினைந்து. அந்தத் தடிப்பு நூலுக்கு இருபதுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்றார். இளக்கமாகப் பின்னினால் நூலும் நேரமும் மிச்சம், ஆனால் ஒவ்வொரு கண்ணியும் அசைந்து அசைந்து தன் பக்கத்துக் கண்ணியை அறுக்கும்.

நூல் துண்டைக் கொளுத்தியும் பார்த்தோம். கம்பளி எரிந்தால் மயிர் கருகிய மணம் வரும், நெருப்பை எடுத்தால் தானாக அணையும், சாம்பலை விரலால் பொடியாக்கலாம். இது உருகிச் சொட்டி, கறுத்த கட்டியாக இறுகியது. நான் வீட்டுக்கு வந்து இன்னொன்றும் செய்தேன். இரண்டு கண்ணாடிப் போத்தலில் குளோரின் வெளுப்பி விட்டு, ஒன்றில் பழைய சாம்பல் சொக்ஸ்சில் வெட்டிய நூல் நுனி, மற்றதில் புதியது, இரவு முழுக்க பல்கனியில் வைத்தேன். (வீட்டுக்குள் செய்யாதீர்கள், வினாகிரியோ வேறு எதுவுமோ அதோடு கலக்கவே கூடாது.) கம்பளி புரதம் என்பதால் வெளுப்பியில் கரைந்துபோகும். காலையில் பழைய நூலில் தலைமயிர் போல மெல்லிய சில நைலோன் இழைகள் மட்டும் மிதந்தன. அந்த அம்மா உறுதிக்காக நைலோன் கலந்த நூல் எடுத்திருக்கிறார், அது நல்ல வழக்கம். புதிய நூலோ நிறம் மட்டும் வெளிறி, கிட்டத்தட்ட முழுசாக அப்படியே கிடந்தது. சொக்ஸ் பட்டியில் “100% கம்பளி” என்று இருந்தது. அது அக்ரிலிக் என்ற செயற்கை நூலாகத்தான் இருக்கவேண்டும் என்றார் அந்தப் பெண்.

கையாலும் பின்னவில்லை, கம்பளியும் இல்லை. கிழிந்ததற்குப் பழி மட்டும் கையால் பின்னுகிற பெண்கள் மேல். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தடித்த நூலில் ஒரு சோடி பின்ன எனக்கு இருபது மணித்தியாலம் பிடிக்கும், நல்லாய்ப் பழகின கைக்கும் பத்து மணித்தியாலம் வேண்டும். நூல் காசைக் கழித்தால் 450 குரோனருக்கு யார் பின்னுவார்? அதுவும் எல்லா அளவிலும், எல்லா நிறத்திலும், எத்தனை சோடி என்றாலும் உடனே தயார் என்று? அந்தக் கணக்கை நான் முதலே போட்டிருக்க வேண்டும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். உண்மையாகவே கையால் பின்னிய, மிக நல்ல கம்பளிச் சொக்ஸ்சும் சிலது கெதியாய்த் தேயும். மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய நூல் அப்படி. தோய்த்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய நூலில் இழையின் செதிலை மழுக்கியோ மேலே பூச்சுப் பூசியோ விடுவார்கள், அதில் இழைகள் ஒன்றையொன்று பிடிக்கிற பிடி குறைவு. மகளுக்கு ஒருமுறை சந்தையில் ஒரு வயதான அம்மாவிடம் அப்படி ஒரு சோடி வாங்கினேன். “இது வீட்டுக்குள்ளே போடத்தான், சப்பாத்துக்குள் போட்டால் ஒரு குளிர்காலம்தான்” என்று தந்தபோதே சொன்னார். சொன்னபடியே ஆனது, எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே வாங்கும்போது கேளுங்கள். நூல் எத்தனை புரி? நைலோன் எவ்வளவு? மெல்லிய சொக்ஸ் நூலென்றால் 75 வீதம் கம்பளி, 25 வீதம் நைலோன் என்பது வழக்கமான கலவை. குதியை இரட்டைத் தடிப்பாகப் பின்னினீர்களா? ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி, அடுத்ததைப் பின்னி, மாறி மாறி வரும்போது குதியின் பின்னால் நூல் இரண்டு மடிப்பாக நிற்கும். உள்ளே தொட்டுப் பார்த்தால் வரி வரியாகத் தெரியும். பின்னுகிறவர் என்றால் இந்தக் கேள்விகளுக்கு முகம் மலர்ந்து பதில் சொல்வார், நீங்கள் போதும் என்று சொல்லும் வரைக்கும் சொல்வார். கையில் எடுத்தால் பெருவிரலால் குதியை அழுத்திப் பாருங்கள்.

இணையத்தில்தான் வாங்குவதென்றால், கடனட்டையில் கட்டுங்கள். விற்றவர் கைவிரித்தால் இங்கே அட்டை கொடுத்த வங்கியிடம் அந்தக் கோரிக்கையை வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் சாதாரண வங்கி அட்டையில் கட்டினேன், அந்த வழி எனக்குக் கிடைக்கவில்லை. இணையத்தில் வாங்கினதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். குறையுள்ள பொருளுக்கு முறையிட நோர்வேயில் குறைந்தது இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் விற்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் கைகொடுக்கும். காசு கட்டுவதற்கு முன்னம் பக்கத்தின் அடியில் நிறுவன இலக்கமும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கின இடத்தில் இருந்தது ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். முறைப்பாடு நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுதியிருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை.

உங்களில் யாரும் இப்படி வாங்கியிருந்தால் சொக்ஸ்சைக் குப்பையில் போடாதீர்கள். பட்டி, பார்சலின் முகவரிச் சீட்டு, கிழிந்த இடத்தின் படம், பணம் கட்டிய திகதி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு எழுதுங்கள். நோர்வேஜிய மொழியில் எழுதக் கஷ்டமென்றால் என்னைக் கேளுங்கள், வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குப் பிறகு எழுதித் தருகிறேன்.

இவர் இன்று விடியற்காலையும் அந்தச் சாம்பல் சோடியைத்தான் போட்டுக்கொண்டு போனார். வலது குதி திரும்பவும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. மூன்று புரிச் சாம்பல் நூல் ஒரு உருண்டை வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை இழையோட்ட வேண்டும்.