கேரவனில் ராமநாதபுரம் கடற்கரை போகிறவர்கள் டெபாசிட் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் கேரவன் (கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த வேன்) வாடகைக்கு விடும் ஒருவரிடம் நாங்கள் பட்ட பாடு இது. நுகர்வோர் ஆணையத்தில் போட்ட மனு விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால் இன்னொரு குடும்பம் நடுரோட்டில் நிற்காது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது அந்தப் பக்கம். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்விட்டு கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் உப்பளங்களை அம்மாவுக்குக் காட்டிவிட்டு சாயல்குடி போவது என்று திட்டம். வழியில் நல்ல தங்கும் விடுதி குறைவு, அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் கேரவன்.

விளம்பரத்தில் வண்டி நம்பரை மறைத்திருந்தார்கள். முழு வாடகையும் முப்பதாயிரம் டெபாசிட்டும் வாங்கிக்கொண்டு, கிளம்புகிற அன்று விடியற்காலையில்தான் வண்டியைக் கண்ணில் காட்டினார்கள். வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி. நாமே ஓட்டும் வாடகை வண்டி என்றால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். கேட்டதற்கு, "பர்மிட் மாத்திக்கிட்டு இருக்கோம் சார், ஒண்ணும் பிரச்சனை வராது" என்றார். பணம் மொத்தமும் அவர் கையில், பிள்ளைகள் பையோடு வாசலில்.

முதல் பொய் தனுஷ்கோடியில் வெளுத்தது. "அரிச்சல்முனையில் வண்டிக்குள்ளேயே இரவு தங்கலாம்" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். 1964 புயலுக்குப் பிறகு மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊர் தனுஷ்கோடி, அரிச்சல்முனை அதன் கடைசி முனை. பொழுது சாயும்போது போலீஸ் எல்லா வண்டிகளையும் திருப்பி அனுப்பிவிடும். எங்களையும் அனுப்பினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ராத்திரி நேரத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்தில் ரூம் தேடி அலைந்தோம்.

அடுத்தது தண்ணீர். "போற வழியெல்லாம் ரொப்பிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இதைச் சொல்கிறவர் ராமநாதபுரத்தை அறியாதவராக இருக்க வேண்டும், இல்லை பொய் சொல்ல வேண்டும். பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் தள்ளிப்போவதை ரோட்டோரம் பார்க்கலாம். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்கும் ஊர்களும் உண்டு. வண்டியின் தொட்டி வேறு அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஏர்வாடி தாண்டி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் உப்புப் பாத்திகளும் மட்டுமே தெரிகிற இடத்தில் இன்ஜின் சூடேறி நின்றது. ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியில் தண்ணீர், ஒரு சொட்டுகூட ரேடியேட்டரில் ஊற்ற முடியாது. அத்தனையும் உப்புநீர். 24 மணி நேர உதவி என்று அச்சடித்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "அது உப்பு ஏரியா சார், அங்க எவனும் வரமாட்டான். நீங்களே பாத்துட்டு பில்லைக் கொண்டாங்க." அதற்குப் பிறகு ஸ்விட்ச் ஆஃப். உப்பளத்தில் வேலை முடிந்து வந்த அக்கா ஒருவர் தன் கேனில் மிச்சமிருந்த குடிதண்ணீரை அம்மாவுக்குக் கொடுத்தார். சாயல்குடி மெக்கானிக்கின் நம்பரையும் அவர்தான் வாங்கித் தந்தார்.

மெக்கானிக் வருவதற்குள் இன்னொன்று நடந்தது. அம்மா இறங்கக் கால் வைத்ததும் பக்கவாட்டுப் படி ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கிவிட்டது. நான் கையைப் பிடித்திருந்ததால் விழவில்லை. மெக்கானிக் தம்பி அந்தப் படியை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். மேலே பளபளவென்று புதுக் கறுப்பு பெயிண்ட். அடியில் துரு ஏடு ஏடாக உதிர்ந்தது, ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் மறுபக்கமே வந்துவிட்டது. "அண்ணே, இது வருஷக்கணக்கான துரு. மேல பெயிண்ட்டை அடிச்சு மூடியிருக்காங்க. வீடியோ எடுத்து வச்சுக்கங்க, வேணும்" என்றார்.

வேண்டித்தான் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "உப்புக்காத்துல வண்டி துருப்பிடிச்சுப் போச்சு" என்று சொல்லி முப்பதாயிரத்தையும் பிடித்துக்கொண்டார். சில நாளில் இரும்பு ஓட்டையாகுமா? கடற்கரைக்குத்தான் போகிறோம் என்று தெரிந்து வாடகைக்கு விட்டவர், அதையே காரணமாக்கி டெபாசிட்டை விழுங்குகிறார். ரேடியேட்டர் பில்லுக்கும் காசு தரவில்லை.

அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் நம்பரைப் போட்டால் வண்டி சாதாரணப் பயணிகள் வேன் என்றுதான் காட்டுகிறது. கட்டில், அடுப்பு, தொட்டி வைத்து மாற்றியது எதுவும் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) ஏறவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அது குற்றம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. இருக்கைக்கு அடியில் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் வேறு. அதன் மேல்தான் என் பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன், அவர் பதிலே சொல்லவில்லை. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வீடியோவும் மெக்கானிக் பில்லும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.

விடுமுறைக்கு கேரவன் பேசிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் அனுப்பும் முன் ஆர்சி படத்தைக் கேளுங்கள், அதில் கேரவன் என்று இருக்கிறதா பாருங்கள். வண்டியை எடுக்கும்போது குனிந்து அடிப்பகுதியையும் படியையும் உரிமையாளர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். உப்புக்காற்றுக்கு டெபாசிட்டில் பிடிக்கமாட்டேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.